கேசட்டில் உறங்கிய சிந்தசைசர்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டே வேலைகள்தான். ஒன்று கேம்ஸ், மற்றொன்று பாட்டு கேட்பது. நான் பாட்டு கேட்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். பிடித்த பாடல்களை எல்லாம் போல்டர் போல்டராக அடுக்கி முடித்த பிறகு, நண்பர் ஒருவர் தன் வீட்டில் 'பிப்' என்ற தொகுப்பைப் போட்டுக் காட்டினார். 1979 முதல் 1985 வரை பிரான்சில் வெளிவந்த, அந்நாட்டிலேயே பலர் கேட்டிராத சிந்தசைசர் பாடல்களை, பாரிஸ் நகரின் பார்ன் பேட் ரெக்கார்ட்ஸ் 2006ல் திரட்டி வெளியிட்ட ஆல்பம் அது. டிரம்ஸ் அடிக்க ஆள் இல்லை, மெஷின் அடிக்கிறது. கித்தார் கூட அதிகம் இல்லை. ஒருவர் உணர்ச்சியே காட்டாத குரலில் பாடுகிறார். முதலில் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தாளம் தலையை விட்டுப் போகவில்லை.

இந்த வகை இசைக்கு 'கோல்ட் வேவ்' என்று பெயர். குளிர் அலை என்று சொல்லலாம். இங்கிலாந்தின் சவுண்ட்ஸ் வார இதழ் 1977 நவம்பரில் ஜெர்மனியின் கிராப்ட்வெர்க் குழுவினரை அட்டையில் போட்டு இந்தச் சொல்லைப் பயன்படுத்தியது. பிறகு பிரான்சில் அது ஒட்டிக்கொண்டது. நான்சி நகரின் காஸ் பிராடக்ட், மார்செய் நகரின் மார்ட்டின் டூபோன், வடக்கே தெனான் என்ற ஊரின் டிரிசோமி 21 எல்லாம் அந்தக் காலத்துக் குழுக்கள். பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் இதே போல் வீட்டு அறைகளில் இளைஞர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

எப்படி முடிந்தது என்கிறீர்களா? மெஷின்கள் விலை குறைந்ததுதான் காரணம். 1970களின் தொடக்கத்தில் சிந்தசைசர் என்பது பெரிய ஸ்டூடியோக்களின் சொத்து. கார்க் நிறுவனத்தின் எம்.எஸ். 20 மாடல் 1978ல் வந்தது. ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர். 606 டிரம் மெஷின் 1981ல் வந்தது. இவற்றுக்கு இடையே 1979ல் டியாக் நிறுவனம் போர்ட்டா ஸ்டூடியோ 144 என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. சாதாரண கேசட்டில் நான்கு டிராக்குகளைத் தனித்தனியாகப் பதிய வைக்கும் மெஷின். இன்று உங்கள் கம்ப்யூட்டரில் இலவச சாப்ட்வேர் செய்யும் வேலையை அன்று இந்தப் பெட்டி செய்தது. பாடி, வாசித்து, கேசட்டில் பிரதி எடுத்து, அட்டையை ஜெராக்ஸ் எடுத்து மடித்து வைத்து, தபாலில் அனுப்பினார்கள். ரெக்கார்ட் கம்பெனி தேவைப்படவில்லை. ஆனால் கம்பெனி இல்லை என்றால் பிரதிகளும் குறைவு, மாஸ்டர் டேப்பைப் பாதுகாக்க ஆளும் இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

டாஸ் டிங் என்ற பெயரில் இசையமைத்த டானி போஸ்டன் ஹாலந்துக்காரர். டேர் அபார்ட் டேப்ஸ் என்று சொந்தமாக ஒரு கேசட் லேபிள் வைத்திருந்தார். அவருடைய பாடல்கள் கால் நூற்றாண்டுக்குப் பிறகு நியூயார்க்கில் இருந்து ரெக்கார்டாக வந்தன. வெளியிட்டது மினிமல் வேவ் என்ற லேபிள். வெரோனிகா வாசிக்கா என்பவர் 2005ல் தொடங்கியது. அதன் முதல் வெளியீடு, ஆப்பன்ஹைமர் அனாலிசிஸ் என்ற இருவர் குழுவின் ரெக்கார்ட். ஆண்டி ஆப்பன்ஹைமர், மார்ட்டின் லாயிட் இருவரும் 1979ல் இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் சந்தித்தவர்கள். 1982ல் 'நியூ மெக்சிகோ' என்ற கேசட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். அணுகுண்டு சோதனை நடந்த மாநிலத்தின் பெயர் அது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பனிப்போர் காலத்து பயம் இந்தப் பாடல்கள் பலவற்றில் ஊறிக் கிடக்கிறது.

ஜெர்மனியின் வினைல் ஆன் டிமாண்ட் 2003 முதலே இந்த வேலையில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் டார்க் என்ட்ரீஸ் 2009ல் ஜோஷ் சியோன் தொடங்கியது. ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் இவர்களின் முதல் வேலை. பாடியவர்கள் இப்போது வேறு எங்கோ வேறு தொழிலில் இருப்பார்கள். மார்ட்டின் டூபோன் குழுவின் அலைன் செகிர் காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவர் ஆகிவிட்டார். மறுவெளியீடுகளால் புதிய ரசிகர்கள் சேர்ந்த பிறகு, 2023ல் அந்தக் குழுவின் பெயரில் மீண்டும் ஓர் ஆல்பம் வந்தது. கேட்காமல் காப்பி எடுத்து விற்கும் லேபிள்களும் உண்டு. அவற்றை நான் வாங்குவதில்லை.

ஆள் கிடைத்தால் போதாது, டேப் கிடைக்க வேண்டும். கிடைத்த டேப் ஓட வேண்டும். போர்ட்டா ஸ்டூடியோ 144ல் பதிந்த கேசட்டை சாதாரண பிளேயரில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? அந்த மெஷின் வழக்கமான வேகத்தைப் போல் இரு மடங்கில், அதாவது விநாடிக்கு சுமார் 9.5 செ.மீ. வேகத்தில் டேப்பை ஓட்டும். நான்கு டிராக்கும் ஒரே திசையில் இருக்கும். ஆகவே சாதாரண பிளேயரில் ஒரு பக்கம் இரண்டு டிராக்குகள் பாதி வேகத்தில் முனகும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கி ஓடும். பேய்க் கேசட் என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆடாசிட்டி போன்ற இலவச சாப்ட்வேரில் திறந்து, பின்னோக்கி ஓடுவதை 'ரிவர்ஸ்' செய்து, வேகத்தை இரு மடங்காக்கினால் நான்கு டிராக்கும் கிடைத்துவிடும். பிளேயரின் வேகம் கொஞ்சம் ஆடுவதால் அவற்றை ஒன்றோடொன்று பொருத்துவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

அடுத்தது, பலரும் தவறு செய்யும் இடம். நானும் செய்தேன்.

என் அக்கா கல்லூரிக் காலத்தில் பாடிப் பதிவு செய்த கேசட் ஒன்று வீட்டில் இருந்தது. பிளேயரில் இருந்து கம்ப்யூட்டரின் லைன் இன் துளைக்கு வயர் கொடுத்துப் பதிவு செய்தேன். 'உஸ்' என்ற இரைச்சல் அதிகம், குரல் மந்தம். ஆடாசிட்டியில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறது. பாட்டு இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து 'இதுதான் இரைச்சல்' என்று காட்டினால், பைல் முழுவதும் அதைக் கழித்துவிடும். ஒரு முறை செய்தேன். இன்னும் கொஞ்சம் இருந்தது. மறுபடியும் செய்தேன். பிறகு இடம் மிச்சமாகட்டும் என்று 128 கே.பி.பி.எஸ். எம்பி3 ஆக மாற்றி, ஒரிஜினல் பைலை அழித்துவிட்டேன். அக்காவுக்கு அனுப்பினேன். "தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கேடா, நான் இப்படியா பாடினேன்?" என்றார்.

ஏன் அப்படி ஆயிற்று என்பது இந்தச் சிந்தசைசர் ரெக்கார்டுகளைக் கேட்டபோதுதான் புரிந்தது. டிரம் மெஷினில் ஸ்னேர் சத்தம் எப்படி உண்டாகிறது? ஒரு சிறு சுருதியோடு வெள்ளை இரைச்சலைக் கலந்துதான். எம்.எஸ். 20 மாடலில் இரைச்சல் உண்டாக்கவே தனி சர்க்யூட் இருக்கிறது. காற்று, அலை, வெடிச் சத்தம் எல்லாம் அதிலிருந்து செய்வார்கள். ஆக இந்த இசையில் இரைச்சலும் ஒரு வாத்தியம். எது டேப்பின் இரைச்சல், எது வாசித்த இரைச்சல் என்று சாப்ட்வேருக்குத் தெரியாது. அளவு மீறிக் கழித்தால் ஸ்னேரின் வால் அறுந்துவிடும். மனிதக் குரலிலும் 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துகளும் மூச்சும் இரைச்சல்தான். அக்காவின் மூச்சை நான் துடைத்துவிட்டிருந்தேன். நல்ல மறுவெளியீடுகளில் லேசான 'உஸ்' இருக்கும். அதைக் குறை என்று நினைத்து ஸ்பீக்கரைத் தட்டிப் பார்க்காதீர்கள்!

பைல் அளவையும் பார்ப்போம். சி.டி. தரத்தில், அதாவது 44.1 கிலோ ஹெர்ட்ஸ் 16 பிட் ஸ்டீரியோவில், ஒரு நிமிடத்திற்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்தும் 96 கிலோ ஹெர்ட்ஸ் 24 பிட் என்றால் சுமார் 35 எம்.பி. அறுபது நிமிடக் கேசட் முழுவதற்கும் 2 ஜி.பி. சற்று அதிகம்தான். 128 கே.பி.பி.எஸ். எம்பி3 ஒரு நிமிடத்திற்கு 1 எம்.பி. கூட வராது. காதுக்கு எட்டாது என்று கணக்கிட்டதை எறிந்துவிடுவதால் வரும் சிக்கனம் அது. எறிந்ததைத் திரும்பப் பெற முடியாது. கேட்பதற்கு எம்பி3 போதும். பாதுகாக்க வேண்டியதை வேவ் அல்லது பிளாக் பைலாக வைத்திடுங்கள். பிளாக் என்பது எதையும் எறியாமல் சுருக்கும் வகை, இலவசமானது. முதலில் பதிவு செய்த பைலைத் தொடவே தொடாதீர்கள். அதைக் காப்பி செய்து, காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள். இன்னொரு காப்பியை வெளியில் ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திடுங்கள். இப்போது பல லேப்டாப்களில் லைன் இன் துளையே இல்லை. யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய ஆடியோ பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். மைக் துளையில் மட்டும் செருகாதீர்கள், சத்தம் பிளந்துவிடும். கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்களை முதலில் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது.

அக்காவின் கேசட்டை நான் தூக்கிப் போடவில்லை. சில மாதங்கள் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய பஞ்சுத் துண்டைக் காணவில்லை. பசை காய்ந்து எப்போதோ விழுந்திருக்கிறது. குரல் மந்தமாக இருந்ததற்கு டேப் காரணமே இல்லை. ஸ்க்ரூ போட்ட ஒரு பழைய காலிக் கேசட்டைத் திறந்து, இரண்டு சக்கரங்களோடு டேப்பை அதற்குள் மாற்றினேன். கை நடுங்கியது உண்மை. ஒரு முறை முழுவதும் முன்னும் பின்னும் ஓடவிட்டு, மறுபடி பதிவு செய்தேன்.

இந்த முறை எந்த எபெக்டும் போடவில்லை. 'உஸ்' அப்படியே இருக்கிறது. பாட்டுக்கு முன்னால் யாரோ மின்விசிறியை நிறுத்துகிறார்கள். சுவிட்ச் சத்தம் கேட்கிறது. அது அம்மாதான் என்று அக்கா சொல்கிறார்.