ரோஜாச் செடிக்கு நோயா, உப்பா?

மேல்விஷாரத்திலும் அதையடுத்த பாலாற்றங்கரைச் சிற்றூர்களிலும் வீட்டு முற்றத்தில் ரோஜா வளர்ப்போர் பலரை நாம் காண்கிறோம். இலை கருகக் கண்டதும் பூசண மருந்து வாங்கித் தெளித்துவிடுவோரும் உளர். கேட்டை அறியாமல் தெளிக்கும் மருந்து பணத்தையும் செடியையும் ஒருங்கே வீணாக்கும். ஆகவே மூன்று கேடுகளைப் பிரித்தறிதல் அவசியம்.

முதலாவது சாம்பல் நோய். தளிரிலும் மொட்டிலும் மாவு தூவினாற்போல் வெண்பொடி படியும், தளிர் சுருளும். பூசணங்களிற் பல, இலை நனைந்திருந்தாலன்றி முளைப்பதில்லை. இதற்கோ அந்த ஈரம் வேண்டுவதில்லை. வறண்ட பகலும் குளிர்ந்த ஈரக்காற்றுள்ள இரவும் கூடிய மார்கழி, தை மாதங்களில் இது மிகும். மலையூர்த் தோட்டங்களில் பெகோனியாவைப் பற்றும் வெண்பொடி நோயும் இவ்வினத்ததே. இப்பூசணம் இலையின் மேற்பரப்பிலேயே படர்வதால், நோய் தோன்றிய பின்னும் இதனை அடக்க இயலும். லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் நனையும் கந்தகத்தைக் கலந்து, வெயில் ஏறுமுன் இலையின் இருபுறமும் படத் தெளிக்க வேண்டும். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைக் கடக்கும் நாட்களிலும், வேப்பெண்ணெய் தெளித்த இரு வாரங்களுக்குள்ளும் கந்தகம் தெளிக்கலாகாது, இலை கருகிவிடும்.

இரண்டாவது கரும்புள்ளி நோய். கரும்புள்ளிகளைச் சுற்றி இலை மஞ்சளாகி உதிரும். இலை பல மணி நேரம் நனைந்திருந்தால் இது பரவும். எனவே காலையில் வேரடியில் மட்டும் நீர் ஊற்றுக. உதிர்ந்த இலைகளைத் திரட்டி ஆழப் புதைத்திடுக. லிட்டருக்கு 2 கிராம் மாங்கோசெப் புதுத் தளிரைக் காக்கும். புள்ளி விழுந்த இலையைத் தேற்றாது.

மூன்றாவது நோயே அன்று. முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பேறிக் கருகும். தொட்டி மண்மேல் வெள்ளைப் படலம் தோன்றும். இது நீரிலுள்ள உப்பின் வேலை. தோல் பதனிடும் ஆலைக் கழிவினால் இவ்வட்டாரத்து நிலத்தடி நீர் கெட்டதை 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எடுத்துரைத்தது. இதற்கு எந்தப் பூசண மருந்தும் பயன்படாது, மழைநீரே மருந்து. நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரிற் சிறிதைத் தேக்கிவைத்து, பூந்தொட்டியின் அடித்துளை வழியே வடிந்தோடும்வரை ஊற்றினால் உப்பு கரைந்து வெளியேறும்.

மருந்தைச் சமையற் பாத்திரத்தில் கலத்தல் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும். ஐயம் எழுமாயின், இலையைக் கையோடு கொண்டு சென்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுக. முதலில் இலையைப் பார்ப்போம். பிறகு மருந்தை நாடுவோம்.