ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. சேர்த்து எழுதினால் 293318625600. சீனிவாச ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் இடம்பெற்றிருக்க வேண்டிய இந்த எண் மட்டும் எப்படியோ விடுபட்டுவிட்டது.

ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729-ஐயும் அந்த எண் கொண்ட டாக்சியின் கதையையும் சொல்கிறோம். அவருடைய உழைப்பின் ஆழத்தை அறிய விரும்புகிறவர்கள் இந்த அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படிக் காரணிகளின் எண்ணிக்கையில் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் விஞ்சுகிற எண்களை ராமானுஜன் தேடினார். 12-க்குப் பிறகு 24, 36, 48, 60, 120 என்று வரிசை நீள்கிறது. 6746328388800 வரை 102 எண்களை, கணிப்பொறி இல்லாத காலத்தில், அவர் பட்டியலிட்டார்.

ஒவ்வோர் எண்ணாகச் சோதித்து இவ்வளவு தூரம் போக முடியாது. எண்ணின் உள்ளமைப்பு தெரிய வேண்டும். 18 என்பது 2 × 3². அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3, அதாவது 12. இரண்டுக்கும் காரணிகள் ஆறுதான். ஆனால் 12 சிறியது. ஆகவே வெல்லும் எண்ணில் சிறிய பகா எண்ணுக்கே பெரிய அடுக்கு. போகப் போக அடுக்கு ஏறவே கூடாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகத்தான் இருக்கும், 4-உம் 36-உம் மட்டுமே விலக்கு என்றும் அவர் நிறுவினார்.

விடுபட்ட எண்ணைப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 5040. விடுபட்ட அந்த எண்ணையே 23-ஆல் பெருக்கினால் வருவது அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800! விடுபட்டது அவருடைய பட்டியலுக்குள்ளேயே ஒளிந்திருந்திருக்கிறது.

இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் வழங்கியது. லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண நெருக்கடி என்பதால் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சேறவில்லை. பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் நிக்கோலாவும் ராபினும் அதற்குக் குறிப்புகள் எழுதி 1997-இல் வெளியிட்டார்கள். 5040-க்கு மேற்பட்ட எந்த எண்ணின் காரணிகளைக் கூட்டினாலும் தொகை அந்த எண்ணைப் பொறுத்து அமையும் ஒரு குறிப்பிட்ட வரம்பை எட்டாது என்று நிறுவுவதும், கணிதத்தின் புகழ்பெற்ற புதிரான ரீமான் கருதுகோளை நிறுவுவதும் ஒன்றே என 1984-இல் காட்டியவர் இந்த ராபின்தான். அந்தக் கருதுகோள் இன்றும் நிறுவப்படவில்லை.

காரணிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1729-ஓடு நிறுத்திவிடாதீர்கள். 100-க்குள் அதிகக் காரணிகள் கொண்ட எண்களைத் தேடச் சொல்லுங்கள். 60-ஐக் கண்டுபிடிக்கும் மாணவரிடம், 72, 84, 90, 96 ஆகியவற்றுக்கும் அதே பன்னிரண்டு காரணிகள் இருக்க, ராமானுஜன் 60-ஐ மட்டும் ஏன் எடுத்துக்கொண்டார் என்று கேளுங்கள்.