மணவறைக்கு ஏற்ற கமரா

திருமணப் படப்பிடிப்புக்குக் கமரா தெரிவுசெய்வோர் பெரும்பாலும் அதன் விலையையும் பெயரையுமே முதலில் நோக்குவர். ஆனால் முதலில் நோக்க வேண்டியது மணவறையையே. அங்கே என்ன நிகழ்கிறது, எவ்வளவு ஒளியில் நிகழ்கிறது, எத்துணை விரைவில் நிகழ்ந்து முடிகிறது என்பவற்றை அறிந்தவருக்கே தமக்கு வேண்டிய கருவி எது என்பது விளங்கும்.

யாழ்ப்பாணத்து இந்துத் திருமணம் ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். கூறை பெற்ற மணமகள் அதனை உடுத்து மீண்டும் மணவறைக்கு வருகிறாள். கெட்டிமேளம் முழங்குகிறது, மணமகன் தாலி கட்டுகிறான், நாற்புறமிருந்தும் அட்சதை சொரிகிறது. யாவும் சில கணங்களில் முடிந்துவிடுகின்றன. இன்னொரு முறை கட்டுங்கள் என்று எவரும் கேட்டல் இயலாது. ஒருபுறம் ஓமப்புகை, மறுபுறம் மண்டபத்தின் மங்கிய வெளிச்சம், சுற்றிலும் நெருங்கி நிற்கும் உறவினர். இத்தனைக்கும் ஈடுகொடுப்பதே மணப்படத்துக்குரிய கமரா.

இத்தேவை புதியதன்று. 1925 இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா, ஒரு சுருளில் 36 படங்கள் வரை எடுக்க இடந்தந்தது. 120 சுருளைப் பயன்படுத்திய ரோலிபிளெக்ஸ் கருவியோ 12 சதுரப் படங்களையே தந்தது. எனினும் அதன் படச்சுருள் அகன்றதாகையால் பெரிதாக்கியபோதும் முகங்கள் தெளிவாக நின்றன. 1957 இல் சுவீடனில் வெளிவந்த ஹசல்பிளாட் 500 சி கமராவில் ஒளித்திரை வில்லையினுள்ளேயே அமைந்திருந்தது. அதனால் வினாடியின் 500 இல் ஒரு பங்கு வேகத்திலும் மின்னல் விளக்கை அதனோடு இணைத்துப் பயன்படுத்த முடிந்தது. வெயிலில் நிற்கும் மணமக்களின் முகநிழலைப் போக்க இது பெரிதும் உதவிற்று.

இன்று சுருளின் இடத்தை டிஜிற்றல் உணரி பெற்றுவிட்டது. ஆயினும் ஒளியின் கணக்கு மாறவில்லை. மலிவான பெருக்குவில்லைகள் பல, தூரத்தை நெருக்கும்போது எப் 5.6 அளவுக்கே திறக்கும். எப் 2.8 அளவுக்குத் திறக்கும் வில்லை அதனிலும் நான்கு மடங்கு ஒளியை உட்புகவிடும். முன்னதில் வினாடியின் 30 இல் ஒரு பங்கு நேரம் வேண்டுமாயின், பின்னதில் 120 இல் ஒரு பங்கு போதும். தாலி முடியும் விரல்கள் மங்கலாகத் தெரிவதற்கும் தெளிவாகத் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆகவே பணம் அளவாக உள்ளவர், விலையுயர்ந்த கமராவுக்கு எளிய வில்லை பூட்டுவதிலும், நடுத்தரக் கமராவுக்கு நல்ல வில்லை வாங்குவதே மேல்.

அடுத்தது உணரியின் பரப்பு. 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உள்ள முழு அளவு உணரி, பரவலாக வழங்கும் சிறிய உணரியிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. மங்கிய ஒளியில் அதன் படத்திற் புள்ளிகள் குறைவாகவே தோன்றும். மண்டபத் திருமணங்களையே மிகுதியாக எடுப்பவருக்கு இது பயனுள்ள செலவு. பகலில், திறந்த வெளியில் எடுப்பவருக்கு அத்துணை இன்றியமையாததன்று.

கருவியின் இயல்பை அறியாதவரை எந்தக் கமராவும் ஏமாற்றும். மணமகனின் வெண்பட்டு வேட்டி படத்தின் பெரும்பகுதியை நிறைக்கும்போது, ஒளியளவி அந்த வெண்மையைச் சாம்பல் நிறமாகக் கணித்து ஒளியைக் குறைத்துவிடும், முகங்கள் இருண்டுபோகும். எடுப்பவர் ஒளியைச் சற்றுக் கூட்டல் வேண்டும். அதற்குரிய சக்கரம் விரலுக்கு எட்டும் இடத்தில் அமைந்திருத்தல் நன்று. மின்னல் விளக்கை நேரே பாய்ச்சினால் ஓமப்புகை வெண்திரையாக எழுந்து மறைக்கும். வெண்ணிறக் கூரையில் எறிந்து திருப்பினால் ஒளி மென்மையாக விழும். தேவாலயத்தில் ஓசையற்ற மின்னணுத் திரை உதவும்; ஆனால் சிலவகை மின்விளக்குகளின் கீழ் அது படத்திற் கோடுகளை விழுத்தும். ஆதலின் அதனை முன்னரே அவ்விடத்திற் சோதித்தல் அவசியம்.

இவை யாவற்றினும் முதன்மையானது காப்பு. படங்களை ஒரே வேளையில் இரண்டு நினைவட்டைகளிற் பதியும் கமராவையே தெரிவுசெய்தல் வேண்டும். ஓர் அட்டை பழுதுபட்டாலும் மற்றையது காக்கும். இன்னொரு கமராவும் மேலதிக மின்கலங்களும் உடனிருத்தல் வேண்டும். அவற்றை இரவல் பெற்றாயினும் கொண்டுசெல்லலாம். பணி முடிந்ததும் பிரதிகள் வெவ்வேறு இடங்களில் வைக்கப்படுதல் வேண்டும்.

இதன் அருமையை இழந்தவரே நன்கறிவர். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்த வேளையிற் கையில் எடுக்க முடிந்தவை சிலவே. வீட்டோடு விட்டுச்சென்ற மணப்படங்களை மீண்டும் காணாத குடும்பங்கள் உண்டு. பாட்டனின் இளமை முகமும், மணநாளில் அருகே நின்று பின்னர் மறைந்துபோன உறவினரின் முகமும் அப்படங்களில் மட்டுமே இருந்தன. கமரா பழையதாகும், அதன் பெயரும் மறக்கப்படும். அது பிடித்துவைத்த முகங்களே எஞ்சுவன. அம்முகங்களைத் தெளிவாகப் பதிந்து, தவறாது காத்துத் தரும் கருவி எதுவோ அதுவே சிறந்த கமரா.