சொறியின் மேல் ஒரு குடித்தனம்

கோடையில் காயலில் உப்பு ஏறினால், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பக்கத்து வலைகளில் மீனோடு ஜெல்லிமீனும் ஏறும். மலையாளத்தில் அது கடல்ச்சொறி. தமிழ்க் கரையில் வெறும் சொறி. பட்டால் அரிக்கும் என்று அள்ளி வீசிவிடுவார்கள். சொறியின் மேல் சிலசமயம் குடித்தனக்காரர்களும் உண்டு.

யார் இவர்கள்?

இறால், நண்டு இனத்துச் சிற்றுயிர்கள். சந்தைக்கு வரும் சிலுவை நண்டு, குஞ்சாக இருக்கையில் சொறி மேல் ஏறிச் சவாரி செய்வதுண்டு, வளர்ந்ததும் இறங்கிவிடும். ஹைபீரிட் எனும் ஆம்பிபாட் வகை அப்படியல்ல. பல இனங்கள் சென்டிமீட்டர் அளவுகூட இராது. பலவற்றுக்குத் தலையே கண்தான். தாய் தன் வயிற்றடிப் பையில் சுமந்த குஞ்சுகளைச் சொறி போன்ற கூழுடலிகளின் மேல் இறக்கிவிடும். நன்றாக நீந்தத் தெரியாத குஞ்சுக்கு அதுவே தொட்டில். பலவேளை அதுவே சோறும்.

எங்கெல்லாம் வாழ்கின்றன?

'லெஸ்ட்ரிகோனஸ் பெங்காலென்சிஸ்' என்ற இனத்தின் பெயரில் வங்கம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வங்கக் கடலில் கிடைத்ததால் வந்த பெயர். ஆனால் இந்திய, பசிபிக், அட்லாண்டிக் பெருங்கடல்கள் மூன்றின் வெதுவெதுப்பான நீரிலும் அது உண்டு. அதன் உறவான 'ஹைபீரியா கால்பா'வுக்கோ வடக்கின் குளிர்நீர்தான் பிடிக்கும். நீரின் வெப்பம் எல்லை போடுகிறது. அந்த எல்லைக்குள் சொறி போகும் இடமெல்லாம் இவற்றின் ஊர். சொறியை நகர்த்துவது நீரோட்டம். கேரளக் கரையோரத்தில் அது தென்மேற்குப் பருவத்தில் தெற்கே ஓடும். குளிர்காலத்தில் வடக்கே திரும்பும்.

கொச்சிக்கு என்ன பங்கு?

1960-65இல் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன. 200 மீட்டர் ஆழத்திலிருந்து வலையைச் செங்குத்தாக இழுத்துச் சேர்த்த மிதவை உயிர்கள், கொச்சியில் அமைந்த இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்துக்குப் புட்டிகளில் வந்தன. அந்த மையமே பின்னாளில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் கொச்சிக் கிளை ஆனது. எந்த இனம் எங்கே என்ற வரைபடத்துக்கு அந்தப் புட்டிகள் கைகொடுத்தன.

ஒரு குறை மட்டும் நின்றது. வலை இழுபடும்போது சொறி சிதையும், குடியிருந்தவை உதிரும். எங்கே வாழ்ந்தது என்பதைப் புட்டி சொல்லும். யார் மேல் வாழ்ந்தது என்பதைச் சொல்லாது. 1970களில் ஆய்வாளர்களே கடலில் மூழ்கிப் பார்த்த பிறகுதான் பல ஜோடிகள் அடையாளம் தெரிந்தன.

வலைக்காரர் கையில் முழுசாக வரும் சொறியில் இந்த இரண்டு விடையும் சேர்ந்தே இருக்கக்கூடும். வீசும் முன் அதன் குடையடியை ஒருமுறை பார்க்கலாம், கையுறையோடு.