தானியங்கிப் பல்லிணைப்பெட்டியின் கையியக்க மாற்றம்

தானியங்கிப் பல்லிணைப்பெட்டியின் கையியக்க மாற்றம் என்பது, தானுந்து ஒன்றில் பல்லிணைகளைத் (கியர்களை) தானாகவே மாற்றிக்கொள்ளும் பெட்டியை, ஓட்டுநர் ஆணையிட்டால் மட்டுமே மாறும்படி திருத்தியமைப்பதாகும். பெட்டியிலுள்ள பற்சக்கரங்களும் முறுக்குவிசை மாற்றியும் (டார்க் கன்வர்ட்டர்) அப்படியே இருக்கும். கிளட்ச் மிதியும் சேர்க்கப்படுவதில்லை. எப்பொழுது மாற்றுவது என்று முடிவெடுக்கும் பகுதியே மாற்றப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் நடைபெறும் நேர்கோட்டு விரைவுப் பந்தயங்களில் (டிராக் ரேஸ்) இம்மாற்றம் பெருவழக்காக உள்ளது.

வரலாறு

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் தானுந்துகளில் அறிமுகப்படுத்திய ஹைட்ரா-மேட்டிக், பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் முழுத் தானியங்கிப் பெட்டியாகும். கலிபோர்னியாவில் 1953 இல் தொடங்கப்பட்ட பி அண்ட் எம் நிறுவனம், இதனைப் பந்தயத்துக்கு ஏற்றவாறு திருத்தி ஹைட்ரோ-ஸ்டிக் என்னும் பெயரில் விற்றது. பின்னர் கிறைஸ்லரின் டார்க்ஃபிளைட் 727, ஜெனரல் மோட்டார்சின் டர்போ ஹைட்ராமேட்டிக் 400 ஆகிய மூன்று பல்லிணைப் பெட்டிகள் இம்மாற்றத்துக்குப் பெரிதும் பயன்பட்டன.

தானியங்கி எடுக்கும் முடிவுகள்

இம்மாற்றத்தைப் புரிந்துகொள்ள, மூலப் பெட்டி செய்யும் வேலையை முதலில் அறிதல் வேண்டும். 1964 ஆம் ஆண்டு மாதிரித் தானுந்துகளில் அறிமுகமான டர்போ ஹைட்ராமேட்டிக் 400 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் கணினி எதுவும் இல்லை. எண்ணெய் அழுத்தமே கணக்கிடும் கருவியாகிறது. வால்வுக் கட்டகம் என்னும் உலோகத் தொகுதியினுள் உள்ள வால்வுகள், எந்தக் கிளட்சுக்கு எண்ணெய் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அவை மூன்று கேள்விகளுக்கு விடை தருகின்றன.

1. எப்பொழுது மாற்றுவது? வெளியீட்டுத் தண்டுடன் சுழலும் வேகக் கட்டுப்படுத்தி (கவர்னர்), வண்டியின் வேகத்துக்கேற்ப உயரும் அழுத்தம் ஒன்றைத் தருகிறது. பொறியின் உள்ளிழுப்புக் குழாயிலுள்ள வெற்றிடத்தை உணரும் கருவி, பொறியின் சுமைக்கேற்ப உயரும் மற்றோர் அழுத்தத்தைத் தருகிறது. முதல் அழுத்தம், இரண்டாம் அழுத்தத்தையும் சுருள்வில்லையும் வெல்லும்போது மாற்று வால்வு நகர்ந்து, அடுத்த பல்லிணை இணைகிறது.

2. எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது? சுமை கூடும்போது கிளட்சுகளுக்குச் செல்லும் அழுத்தமும் கூட்டப்படுகிறது. மெதுவாக ஓட்டும்போது பல்லிணைகள் மென்மையாக மாறுவது இதனாலேயே.

3. இம்மாற்றம் பொறிக்குத் தீங்கானதா? ஓட்டுநர் மிகுவேகத்தில் நெம்புகோலை முதல் பல்லிணை நிலைக்குத் தள்ளினாலும், வேகம் போதிய அளவு குறையும் வரை பெட்டி இரண்டாம் பல்லிணையிலேயே நிற்கும்.

மாற்றும் முறை

கையியக்க வால்வுக் கட்டகத்தில், வேகக் கட்டுப்படுத்தியின் அழுத்தம் மாற்று வால்வுகளை நகர்த்தாதவாறு வழிகள் அடைக்கப்படுகின்றன. நெம்புகோலுடன் இணைந்த வால்விலிருந்தே ஒவ்வொரு கிளட்சுக்கும் எண்ணெய் செல்கிறது. பெரும்பாலான பந்தயக் கட்டகங்களில் அழுத்தம் எப்பொழுதும் உயர்ந்த அளவிலேயே வைக்கப்படுவதால், மாற்றம் விரைவாகவும் அதிர்வுடனும் நிகழும்.

பல கட்டகங்களில் நெம்புகோலின் வரிசையும் தலைகீழாக்கப்படுகிறது. மூல வரிசையில் முதல் பல்லிணையிலிருந்து மேலே செல்லும் ஓட்டுநர், மூன்றாவதைத் தாண்டிக் கை தவறினால் நடுநிலையை (நியூட்ரல்) அடைவார். சுமையிழந்த பொறி கட்டுக்கடங்காமல் சுழலும். தலைகீழ் வரிசையில் நடுநிலையை அடுத்து 1, 2, 3 என அமைவதால், மேல்நோக்கிய ஒவ்வொரு மாற்றமும் நடுநிலையை விட்டு விலகியே செல்கிறது.

இடர்கள்

மேற்கண்ட மூன்று முடிவுகளுள் முதலாவதை மட்டும் தம் கைக்குக் கொண்டுவரவே ஓட்டுநர் விரும்புகிறார். ஆனால் மற்ற இரண்டும் அதனுடன் சேர்ந்தே அவரிடம் வந்துவிடுகின்றன.

டர்போ ஹைட்ராமேட்டிக் 400 இன் பல்லிணை விகிதங்கள் 2.48, 1.48, 1.00 ஆகும். மூன்றாம் பல்லிணையில் பொறி நிமிடத்துக்கு 5000 சுற்றுகள் சுழலும்போது இரண்டாவதற்கு மாற்றினால், முறுக்குவிசை மாற்றியின் வழுக்கலைப் புறக்கணித்துக் கணக்கிட, பொறி 7400 சுற்றுகளுக்கு இழுக்கப்படும். முதலாவதற்கு மாற்றினால் 12,400 சுற்றுகளுக்கு. சாதாரணப் பொறி எதுவும் இதைத் தாங்காது. மாறாக, வண்டி நின்றபின் முதல் பல்லிணைக்குத் திரும்ப மறந்தால், மூன்றாம் பல்லிணையிலேயே புறப்பட நேர்ந்து எண்ணெய் மிகையாகச் சூடேறும்.

டார்க்ஃபிளைட் 727 இல் இதனினும் கொடிய இடர் ஒன்று உண்டு. தானியங்கி நிலையில் இப்பெட்டியின் முதல் பல்லிணையை ஓர் ஒருவழிக் கிளட்ச் மட்டுமே தாங்குகிறது. ஓட்டுநர் நெம்புகோலால் முதலாவதைத் தெரிவு செய்யும்போது ஓர் இறுக்குப்பட்டையும் துணைக்கு வருகிறது. சில கையியக்கக் கட்டகங்கள் இப்பட்டையை இயக்குவதில்லை. அந்நிலையில் ஒருவழிக் கிளட்ச் முறிந்தால், முன் உருளை பொறியின் வேகத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல் சுழன்று வெடித்துச் சிதறக்கூடும். பெட்டி ஓட்டுநரின் கால்களுக்கு அருகில் அமைந்துள்ளது. எனவே பந்தய விதிகள் பல வகுப்புகளில் பெட்டிக்குக் கவசத்தைக் கட்டாயமாக்குகின்றன. இப்பட்டையை இயக்கும் கட்டகத்தைத் தெரிவு செய்தல் இன்றியமையாதது.

மின்னணுப் பெட்டிகளில்

ஜெனரல் மோட்டார்ஸ் 1993 இல் வழங்கத் தொடங்கிய 4எல்60-ஈ போன்ற பெட்டிகளில், மாற்று வால்வுகளை ஏ, பி என்னும் இரு மின்வால்வுகள் (சொலினாய்டு) கட்டுப்படுத்துகின்றன.

முதல் பல்லிணை (3.06): ஏ இயக்கம், பி இயக்கம்
இரண்டாம் பல்லிணை (1.63): ஏ நிறுத்தம், பி இயக்கம்
மூன்றாம் பல்லிணை (1.00): ஏ நிறுத்தம், பி நிறுத்தம்
நான்காம் பல்லிணை (0.70): ஏ இயக்கம், பி நிறுத்தம்

இரு சாதாரண மின் சுவிட்சுகளைக் கொண்டே இவ்வட்டவணையை நிறைவேற்றலாம் எனத் தோன்றும். ஆயினும் எண்ணெய் அழுத்தத்தைத் தனியொரு மின்வால்வு கட்டுப்படுத்துகிறது. அதற்குரிய மின்னோட்டத்தையும் சுமைக்கேற்ப மாற்ற வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் பெட்டி மூன்றாம் பல்லிணைக்கும் உயர்ந்த அழுத்தத்துக்கும் செல்லும்படி வடிவமைக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

நுண்கட்டுப்படுத்தி ஒன்றைப் பயன்படுத்தினால், இழந்த மூன்றாவது முடிவையும் மீட்கலாம். வெளியீட்டுத் தண்டின் வேகத்தைக் கேட்கப்படும் பல்லிணையின் விகிதத்தால் பெருக்கினால், மாற்றத்துக்குப் பின் பொறி எவ்வளவு வேகத்தில் சுழலும் என்பது தெரியும். அது வரம்பை மீறினால் ஆணையை மறுத்துவிடலாம். போர்ஷே நிறுவனம் 1990 ஆம் ஆண்டு மாதிரி 911 காரெரா 2 இல் வழங்கிய டிப்ட்ரானிக் அமைப்பு, ஓட்டுநருக்குத் தெரிவுரிமை தந்தபோதும் இத்தகைய மறுப்புரிமையைக் கணினியிடமே விட்டுவைத்தது.

இவற்றையும் பார்க்கவும்

முறுக்குவிசை மாற்றி
கோள் பற்சக்கரத் தொகுதி
கிளட்ச்