சூரியனும் ஸ்தூல சரீரமும்

நங்கநல்லூரில் பொழுது விடியும்போதே நடைப் பயிற்சி ஆரம்பமாகிவிடுகிறது. 32 அடி உயர ஆஞ்சநேயரைச் சேவித்துவிட்டுப் பழவந்தாங்கல் ஸ்டேஷன் வரை போய்த் திரும்புகிறவர்களில் சற்றுப் பருத்த சரீரமுள்ளவர்களும் உண்டு. நடப்பது நல்லதுதான். ஆனால், "வெயில் பட்டாயிற்று, வைட்டமின் 'டி'யும் வந்தாயிற்று" என்று திருப்தியடைந்துவிடலாகாது.

அந்த வைட்டமினை நம் தோலில் உண்டாக்குவது புற ஊதாக் கதிர். இளங்காலை வெயிலில் அது மிகச் சொற்பம். சென்னைக்கு வெகு தூரமில்லாத திருப்பதியில் நடந்த ஆராய்ச்சி 2013-ல் வெளியாயிற்று. பகல் 11 மணி முதல் 2 மணி வரையுள்ள வெயிலே இதற்குத் தக்கதென்று அது கூறிற்று. அந்த நேரத்தில் நம்மவர் நிழலைத் தேடுவதைச் சொல்லவும் வேண்டுமா?

பருத்தவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது. ஒரு படி பாலுக்குப் போடும் சர்க்கரையை மூன்று படி பாலில் போட்டால் இனிப்பு என்னவாகும்? அதுபோலப் பெரிய சரீரத்தில் அது பரவி, கொழுப்பிலே தங்கிவிடுகிறது, இரத்தத்தில் குறைந்துபோகிறது. 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பருத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் புற ஊதாக் கதிரைக் காட்டிப் பார்த்தார்கள். பருத்தவர்களின் இரத்தத்தில் ஏறிய வைட்டமின் 57 சதவிகிதம் குறைவாயிருந்தது! தோலிலுள்ள மூலப் பொருளில் குறைவில்லை.

ஆகையால்தான், அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி வைத்தியர் சங்கம், பருத்தவர்களுக்கு இம்மருந்து 2 அல்லது 3 மடங்கு வேண்டியிருக்குமென்று 2011-ல் சொல்லிற்று. பருமன் என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியதில்லையென்று அதே சங்கம் 2024-ல் கூறிற்று. எலும்பு வலி, தசைத் தளர்ச்சி முதலியன உள்ளவர்களும், பருமனுக்காக ரண சிகிச்சை செய்துகொண்டவர்களும் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் மிகை எடையுள்ளவர்களென்று 2019-21-ம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு தெரிவித்தது. எனவே, இது அநேகமாக ஒவ்வொரு வீட்டின் விஷயமுமாகும்.

"மும்மடங்கு" என்றதும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். 60,000 யூனிட் மருந்தை வைத்தியர் பெரும்பாலும் வாரம் ஒரு முறைதான் கொடுக்கிறார். அதைத் தினந்தோறும் சாப்பிட்டுவந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து வாந்தியும் மூத்திரக் கோச வியாதியும் வரக்கூடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டு நமக்கு உதவாது. அவருடைய எடை வேறு, நம் எடை வேறு.

இம்மருந்து உடம்பை இளைக்கச் செய்யாது. எடை குறைந்தால் இரத்தத்தில் வைட்டமின் சற்று உயரும். ஆகவே, காலை நடையை விட்டுவிடாதீர்கள். மருந்தின் அளவை மட்டும் வைத்தியருக்கு விட்டுவிடுங்கள்.