பெண்களின் புத்தகங்கள் ஏன் எங்கள் கைக்கு வருவதில்லை?

கடந்த வருடம் எங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், எங்கள் பெண்கள் எழுதிய புத்தகங்கள் எந்த இறாக்கையில் இருக்கின்றன என்று கேட்டேன். அங்கிருந்தவர் சமையல், தையல் புத்தகங்களைக் காட்டினார். அவரில் பிழையில்லை. காட்டுவதற்கு வேறெதுவும் அங்கே இருக்கவில்லை.

பெண்கள் எழுதாமல் இல்லை. சித்ரலேகா மௌனகுரு தொகுத்த 'சொல்லாத சேதிகள்' 1986இலேயே யாழ்ப்பாணத்தில் வெளிவந்துவிட்டது. பிறகு இடம்பெயர்ந்தும், முகாம்களில் இருந்தும், மீளக் குடியேறியும் பலர் எழுதினார்கள். எழுதியது வாசகரிடம் வந்துசேரும் பாதையில்தான் தடைகள் இருக்கின்றன.

முதல் தடை பதிப்பு. இங்கே பெரும்பாலும் எழுதியவரே அச்சுக்கூலி கொடுக்கிறார். சில நூறு பிரதிகள் அடிக்கிறார். வெளியீட்டு விழாவில் கொஞ்சம் போகும். மிச்சம் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் கிடக்கும்.

இரண்டாவது விலை. தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்', தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' இரண்டும் வன்னியின் கதையைச் சொல்பவை. ஆனால் பதிப்பிக்கப்பட்டது தமிழ்நாட்டில். எங்கள் கதை கப்பற்கூலியும் நாணயமாற்று விலையும் ஏறித்தான் எங்களிடம் திரும்பி வருகிறது. 2022இல் ரூபா விழுந்த பிறகு ஒரு புத்தகம் வாங்குவதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது விற்பனை. எங்கள் பக்கத்துப் புத்தகக் கடைகள் பாடசாலைக் கொப்பிகளிலும் பரீட்சை வினாத்தாள்களிலும்தான் பிழைக்கின்றன. இலக்கியப் புத்தகம் விற்றால்தான் காசு. அந்தக் காசை வாங்க முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணம் போனால் பஸ் காசும் மிஞ்சாது.

கடைசியாக வாசிக்கும் இடம். சனசமூக நிலைய வாசிகசாலையில் பின்னேரம் ஆண்கள் பேப்பர் வாசிப்பார்கள். பெண்கள் அங்கே உட்காருவது குறைவு. பிரதேச சபை நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண் கூலி வேலையில் நிற்பாள்.

இடப்பெயர்வுகளில் எத்தனையோ வீட்டுப் புத்தகப் பெட்டிகளை விட்டுவிட்டு வந்தோம். அதனால் இது எங்களுக்குச் சின்ன விசயமில்லை. என்னிடம் இருந்த ஒரு கவிதைத் தொகுப்பைப் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்குக் கொடுத்தேன். கணவரைத் தேடி அலைபவள். ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தரும்போது, "அக்கா, இது நான் சொன்னமாதிரியெல்லே கிடக்கு" என்றாள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று அதுவரை நினைத்திருந்தாள்.

செய்யக்கூடியவை உண்டு. புத்தகம் போடுபவர்கள் விழா மேடைப் பிரதிகளில் பத்தையாவது கிராம நூலகங்களுக்கு ஒதுக்கலாம். பழைய தொகுப்புகளை இணையத்தில் ஏற்ற, 2005 முதல் இயங்கும் 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கு எழுத்தாளர்கள் அனுமதி கொடுக்கலாம். மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு புத்தகப் பெட்டி கொண்டுபோகலாம். பிரதேச சபை நூலகங்கள் பொதுப் பணத்தில் நடப்பவை. அங்கே போய், வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்துக் கேட்பது எங்கள் உரிமை.

நான் ஐந்து பெயர்கள் எழிதிக் கொடுத்தேன். இரண்டு வந்திருக்கின்றன. மற்ற மூன்றையும் கேட்க வருகிற கிழமை திரும்பப் போகிறேன்.